வெற்றிச்செல்வி தேடிய கடைசி இரண்டு தாள்

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காமிக்ஸ் புத்தகத்தைப் படிக்காமல் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, அதற்கு மார்க் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி விலையேற்றிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தோடு மூன்று வருடம் கிடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் உருப்படியாக ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் பெயர் வெற்றிச்செல்வி. கீழப்பழுவூர் எடைமேடையில் வேலை பார்க்கிறார்.

நான் கலைச்செல்வன். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூரியர் கடை வைத்திருக்கிறேன். கீழப்பழுவூருக்கு எங்கள் கம்பெனி வீட்டு டெலிவரி கிடையாது. பார்சல் வந்தால் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அக்கா எனக்குப் பழக்கமானார். மாதத்தில் இரண்டு முறை, வார விடுமுறை நாளில் வருவார். ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணாடி, கையில் ஒரு மஞ்சள் பை. பார்சலை வாங்கியதும் கடை வாசலிலேயே நின்று பிரிப்பார். உள்ளே பழைய காமிக்ஸ் ஒன்று இருக்கும். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காது. பஸ் வரும்வரை என் கடை நிழலில் நின்றே பத்துப் பக்கம் படித்துவிடுவார்.

"ஏங்க்கா, வூட்டுக்குப் போயி படிக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்டுல போயி சோறாக்கணும் தம்பி. இங்கதான் என்னையக் கூப்புட ஆளில்ல" என்றார்.

எடைமேடை வேலை லேசுப்பட்டதல்ல. சுண்ணாம்புக்கல் லாரி, ஜல்லி லாரி, நெல் மூட்டை, மக்காச்சோளம் என்று நாளெல்லாம் வண்டி ஏறி இறங்கும். ஏமாற்ற நினைப்பவன் எல்லா வழியிலும் முயல்வான். காலி வண்டியை எடை போடும்போது கிளீனரைக் கேபினில் படுக்க வைப்பான். பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் நிறுத்துவான். அக்கா கூண்டை விட்டு இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்த பிறகுதான் சீட்டு அடிப்பார். பத்து கிலோ வித்தியாசத்துக்காக ஒரு டிரைவரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவரிடம் எவனும் வாலாட்ட முடியாது. உள்ளது எதுவோ அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருடைய சட்டம். அவர் கணவர் செல்லமுத்து டிப்பர் ஓட்டுகிறார். அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே புத்தகம் வண்டியின் ஆர்.சி. புத்தகம். ஆனால் மனைவி படிப்பதற்குக் குறுக்கே நின்றதில்லை.

அக்காவின் அப்பா அய்யம்பெருமாள் நிலமில்லாத கூலிக்காரர். பிறகு லாரியில் கல் ஏற்றும் வேலைக்குப் போனார். எண்பத்தேழாம் வருடம், அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, அரியலூரில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து அப்பா மகளுக்கு ஒரு காமிக்ஸ் எடுத்து வந்தார். வால்மீன் காமிக்ஸ் என்ற வரிசையில் வந்த 'உப்பளத்தில் ஒரு பிணம்' என்ற துப்பறியும் கதை. ஓர் உப்பு வியாபாரியை யாரோ கொன்றுவிடுகிறார்கள். நான்கு பேர் மேல் சந்தேகம். கடைசியில் துப்பறிவாளர் நான்கு பேரையும் உப்புக் கிடங்கில் வரிசையாக நிறுத்தி, விரலை நீட்டி, "கொலைகாரன் வேறு யாருமல்ல..." என்கிறார். அதோடு தாள் முடிந்துவிட்டது.

அந்த நூலகக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் திருப்பித் தருவதில்லை என்று, எல்லாத் துப்பறியும் புத்தகத்திலும் கடைசி இரண்டு தாளை அலுங்காமல் பிரித்தெடுத்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் கடையிலேயே நின்று முடிவைப் படித்துக்கொள்ளலாம். அரியலூரில் இருப்பவர்களுக்கு அது சரி. கீழப்பழுவூர் காலனித் தெருவில் இருக்கும் பிள்ளை முடிவைப் படிக்க பஸ் ஏறிப் போக வேண்டுமே! அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன் என்று அப்பா புத்தகத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வாரம் கல் லோடு, அதற்கடுத்த வாரம் அறுவடை. மூன்று மாதம் கழித்து மகளோடு போனபோது கடை பூட்டிக் கிடந்தது. நூலகக்காரர் பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்விட்டார் என்றார்கள்.

கொலைகாரன் யார் என்று தெரியாமலேயே வெற்றிச்செல்வி பன்னிரண்டாவது முடித்தார், டைப்ரைட்டிங் முடித்தார், கல்யாணம் முடிந்தது, மகள் பிறந்து வளர்ந்து திருச்சியில் நர்ஸ் ஆனாள். நடுவில் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் பழைய காமிக்ஸ் வாங்கத் தொடங்கினார். அறுபத்து மூன்று புத்தகம் சேர்ந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் முன் அட்டையின் உட்பக்கத்திலும் படித்து முடித்த தேதியைப் பென்சிலால் எழுதுவார். மறுபடி படித்தால் மறுபடி தேதி. சில அட்டையில் பதினைந்து தேதிகூட இருக்கும். 'உப்பளத்தில் ஒரு பிணம்' மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. எவன் கொன்னான்னு தெரிஞ்சா போதும்" என்பார்.

கொரோனா முடிந்த கையோடு ரஞ்சித்குமார் வந்து சேர்ந்தான். பெரம்பலூர்க்காரன், முப்பத்தைந்து வயது, எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதற்கு முன்னால் வாலிகண்டபுரம் பக்கம் முள்ளுக்காட்டை அளந்து கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்து பிளாட் விற்றுக்கொண்டிருந்தான். அது படுத்துவிட்டதும் ஏதோ ஓர் ஊரில் பழைய காமிக்ஸை ஒருவன் பத்தாயிரத்துக்கு வாங்கியதாகக் கேள்விப்பட்டான். அவ்வளவுதான். ஒரு யூடியூப் சேனல், ஒரு வாட்ஸப் குழு, பெரம்பலூரில் பேக்கரி மாடியில் மாதம் ஒரு சந்திப்பு. அவன் வாழ்க்கையில் ஒரு காமிக்ஸை முழுதாகப் படித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. ஆனால் பேச்சு! "அண்ணே, தங்கம் கூட இறங்கும், வால்மீன் இறங்காது" என்பான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பல்லிளிப்பார்கள். நானும் இளித்தேன்.

டப்பா அவன் கொண்டுவந்ததுதான். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி, நான்கு மூலையிலும் திருகாணி, மூடியின் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் மார்க் போட்டிருக்கும், பத்துக்கு ஒன்பது புள்ளி இரண்டு என்று. மார்க் போடுபவன் யார்? ரஞ்சித்குமார்தான். ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தது பெரம்பலூரில் கல்யாண பேனர் அடிக்கிற கடை. அட்டையை முன்னும் பின்னும் லென்ஸ் வைத்துப் பார்ப்பான். உள்ளே புரட்டமாட்டான். புரட்டினால் முதுகு விரிந்துவிடுமாம். டப்பாவைத் திறந்தால் ஸ்டிக்கர் கிழியும், ஸ்டிக்கர் கிழிந்தால் மதிப்புப் போச்சு. படிப்பதற்கென்று அச்சடித்த ஒன்றைப் படித்தால் மதிப்புப் போய்விடும் என்று நானூறு பேர் நம்பினார்கள். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், வாத்தியார்கள்கூட. சீ என்றிருக்கிறது.

அக்காவும் அந்தக் குழுவில் சேர்ந்திருந்தார். அங்கேதான் 'உப்பளத்தில் ஒரு பிணம்' அட்டையை மறுபடி பார்த்தார். யாரோ டப்பாவைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அக்கா உடனே ஒரு செய்தி போட்டார்: "வணக்கம். இந்தப் புத்தகம் வைத்திருப்பவர்கள் யாராவது கொலைகாரன் யார் என்று சொல்ல முடியுமா?"

தமிழ்நாட்டில் மொத்தம் ஒன்பது பிரதிதான் இருக்கிறது என்று ரஞ்சித் சொல்லியிருந்தான். ஒன்பதில் மூன்று பேர் பதில் சொன்னார்கள். ஒருவர் வேலைக்காரன் என்றார். ஒருவர் வியாபாரி சாகவேயில்லை, நடித்தான் என்றார். மூன்றாமவர் வியாபாரியின் தம்பி என்றார்.

"தம்பி ரெண்டாவது பக்கத்துலயே கப்பல்ல போயிட்டான் சார். நீங்க படிக்கவே இல்லீங்களா?" என்று அக்கா குரல் பதிவு போட்டார். அதற்கு நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. அக்கா மறுபடியும் கேட்டபோது, தயவுசெய்து குழுவில் வணிகச் செய்திகள் மட்டும் பகிரவும் என்று அட்மின் சொன்னான்.

நான் எப்போது உள்ளே விழுந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பார்சல் பார்சலாக என் கவுண்டர் வழியாகப் போகிறதே, நாம் மட்டும் எடை போட்டுக் கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று ஓர் அரிப்பு. கடைக்கு ஏ.சி. போட வைத்திருந்த இருபத்திரண்டாயிரத்தைக் கொடுத்து சேலத்துக்காரர் ஒருவரிடம் ஒரு டப்பா வாங்கினேன். அதே 'உப்பளத்தில் ஒரு பிணம்', எட்டு புள்ளி ஐந்து மார்க். வாங்கி நான்கு மாதத்தில் ரஞ்சித் ஒரு வீடியோ போட்டான். அந்தக் கதையைச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி வெப் சீரிஸ் எடுக்கப்போகிறதாம். எந்தக் கம்பெனி, யார் சொன்னது, ஒன்றும் கிடையாது. விலை அறுபதாயிரத்துக்குப் போனது. நான் டப்பாவை பீரோவில் வேட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டு தினமும் போனில் விலை பார்த்தேன். வேர்வையில் நனைந்துகொண்டே ஏ.சி. இல்லாத கடையில் உட்கார்ந்து பார்த்தேன்.

என்னிடம் ஒன்று இருப்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் என்னைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் தனக்கென்று சொந்தமாக ஒரு பிரதி வாங்கிப் பிரிப்பது என்று முடிவு செய்தார். அறுபதாயிரத்துக்கு எங்கே போவார்? ரஞ்சித்திடம் ஒரு டப்பா இருந்தது, ஒன்பது புள்ளி இரண்டு. அவன்தான் சொன்னான், உங்களிடம் இருக்கும் அறுபத்து மூன்றையும் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

கைமாற்றம் நடந்தது என் கடையில். அக்கா இரண்டு அட்டைப் பெட்டியில் புத்தகங்களைப் பஸ்ஸில் கொண்டுவந்தார். ரஞ்சித் ஒவ்வொன்றாக அட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்தான்.

"என்னக்கா இது, கிறுக்கி வச்சிருக்கீங்க? நல்ல காப்பியெல்லாம் நாசம் பண்ணிட்டீங்களே!"

"படிச்ச தேதிங்க தம்பி."

அவன் பையிலிருந்து அழிரப்பர் எடுத்தான். என் கவுண்டரிலேயே உட்கார்ந்து தேதிகளை அழித்தான். அக்கா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து தேதி இருந்த அட்டையைத் தேய்த்துத் தேய்த்து அழித்துவிட்டு, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். ரப்பர் தூசு என் பில் புத்தகத்தின் மேல் விழுந்தது. அன்றைக்கு அவனை எழுந்து போடா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தூசியைத் துடைத்தேன். அந்த வாரமே அறுபத்து மூன்று புத்தகமும் டப்பாக்களில் ஏறி, என் கடை வழியாகவே கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் போயின. கிலோ கணக்கில் கூலி வாங்கிக்கொண்டேன்.

போகும்போது ரஞ்சித் அக்காவிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னான். "அக்கா, ஒங்க நல்லதுக்குச் சொல்றேன், பிரிச்சிடாதீங்க. ரெண்டு வருசம் வச்சிருந்தா லட்ச ரூவாய்க்குப் போவும்."

"பிரிக்கத்தான தம்பி வாங்குறேன்" என்றார் அக்கா.

அவன் படி இறங்குவதற்குள் என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். கொடுத்தேன். அவர் திருகாணியைக் கழற்றும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. புத்தகத்துக்காக அல்ல. அறுபதாயிரம் போகிறதே என்று!

அக்கா நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகவில்லை. முறையாக முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்து, நடுநடுவே சிரித்து. கீழப்பழுவூர் பஸ் இரண்டு போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"தம்பி, இதுல கடைசி ரெண்டு தாளு இல்ல."

நான் வாங்கிப் பார்த்தேன். துப்பறிவாளர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்தது பின் அட்டை. தாள்களை அலுங்காமல் பிரித்தெடுத்த தடம் ஸ்டேப்ளர் பின் ஓரத்தில் தெரிந்தது. அக்கா பதினேழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மங்கலான ஊதா முத்திரை. அரியலூர் வாடகை நூலகத்தின் முத்திரை. பன்னிரண்டு வயதில் அவர் வீட்டுக்கு வந்த அதே புத்தகம். நூலகத்துப் புத்தகமெல்லாம் எடைக்குப் போய், பெரம்பலூர் பழைய பேப்பர் கடையில் கிடந்து, ரஞ்சித் கையில் சிக்கி, டப்பாவில் ஏறி, மூன்று பேரிடம் கைமாறி விலையேறி, மறுபடி அவனிடமே வந்திருக்கிறது. ஒருத்தன்கூடப் புரட்டவில்லை. ரஞ்சித் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாமல் செய்திருந்தால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அக்கா அழவில்லை. அன்று மாலையே குழுவில் படத்தோடு போட்டார்: "இந்தப் பிரதியில் கடைசி இரண்டு தாள் இல்லை. வைத்திருப்பவர்கள் தங்கள் பிரதியைச் சரிபார்த்துக்கொள்ளவும்."

பத்தே நிமிடத்தில் செய்தி நீக்கப்பட்டது. ரஞ்சித் பதில் எழுதினான். டப்பாவில் இருக்கும்வரை புத்தகம் முழுமையாக இருந்தது, பிரித்த பிறகு நடந்ததற்கு யாரும் பொறுப்பல்ல என்று. அடுத்து இன்னொருவன், அந்தம்மாவே கிழித்திருக்கும், இழப்பீடு கேட்க நாடகம் என்றான். அதற்குக் கட்டை விரல் எத்தனை தெரியுமா? அறுபத்தெட்டு. எண்ணினேன். யார் யார் போட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பேக்கரி மாடியில் அக்கா வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். நான் கட்டை விரல் போடவில்லை. அக்கா என் கண் முன்னால்தான் பிரித்தார் என்றும் எழுதவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா கடைக்கு வந்தார். அன்றைக்குப் பார்சல் எதுவும் இல்லை.

"தம்பி, நான் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஒன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல? அதப் பிரிச்சு அந்த நாலு பக்கத்த மட்டும் போன்ல படம் புடிச்சு அனுப்பேன். நான்தான் கிழிச்சேன்னு சொல்லிட்டானுவ. அது கெடக்கட்டும். கத எப்படி முடியுதுன்னு தெரிஞ்சா, குடுத்த அறுபத்து மூணும் போனதுன்னே நெனக்க மாட்டேன்."

"பாத்துட்டுச் சொல்றேங்க்கா" என்றேன்.

வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நாமக்கல்லிலிருந்து ஒருவர் எழுபதாயிரத்துக்குக் கேட்டிருப்பதாக ரஞ்சித்திடமிருந்து செய்தி. ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. நான் டப்பாவைத் திரும்ப வேட்டிக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பிரிச்சுப் பாத்தேங்க்கா. இதுலயும் கடைசி ரெண்டு தாளு இல்ல."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அக்கா சொன்னார்: "அடப்பாவமே. ஒன்னையும் ஏமாத்திட்டானுவளே தம்பி. எனக்காவப் போயி பிரிச்சு ஒன் காசும் போச்சே."

என் பொய்க்கு அவர் என்மேல் இரக்கப்பட்டார். அந்த நிமிடம் என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை, நாமக்கல்காரர் எப்போது பணம் போடுவார் என்று யோசித்தேன்.

அக்கா யார் என்பதை மறந்துவிட்டேன். உள்ளது எதுவோ அதைச் சொல்ல வேண்டும் என்பவர் அவர். அன்றைக்கே குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்: "அரியலூர் கலைச்செல்வன் தம்பியும் தன் பிரதியைப் பிரித்துப் பார்த்தார். அதிலும் கடைசி இரண்டு தாள் இல்லை. தயவுசெய்து ஏமாறாதீர்கள்." என் பொய்யை நானூறு பேருக்கு உண்மையாக அனுப்பிவிட்டார்.

ஒரு பிரதி என்றால் அந்தம்மா கிழித்தது. இரண்டு பிரதி என்றால்? பயம் பிடித்துக்கொண்டது. யாருக்கும் திறந்து பார்க்கத் தைரியமில்லை, திறக்காத டப்பாவை வாங்கவும் ஆளில்லை. எழுபதாயிரம் நாற்பதானது, பதினைந்தானது, பிறகு கேட்பாரே இல்லை. நாமக்கல்காரர் போனையே எடுக்கவில்லை. பொய் சொன்னேன் என்றும் என்னால் சொல்ல முடியாது, திறக்காத டப்பா இது பாருங்கள் என்றும் காட்ட முடியாது. ஒரு மாதத்தில் ரஞ்சித் குழுவைக் கலைத்துவிட்டுப் பழைய நாணயத்துக்குப் போய்விட்டான். இப்போது அதற்கு ஒரு சேனல் வைத்திருக்கிறான். அதற்கும் ஆள் கூடுகிறது, வேறு என்ன சொல்ல.

டப்பா இனி காசுக்கு ஆகாது என்று உறுதியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தேன். பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். தொண்ணூற்றாறு. ஒன்றும் குறையவில்லை. கடைசி இரண்டு தாளும் புத்தம் புதிதாக இருந்தன.

பத்து நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கூரியரில் அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஒரு மதியம் கடையைப் பூட்டிவிட்டு கீழப்பழுவூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா கூண்டுக்குள் இருந்தார். புத்தகத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

அட்டையைப் பார்த்தார். பின்பக்கமாகத் திருப்பி, கடைசித் தாள்களை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மேடையில் ஏறி நின்ற ஒரு ஜல்லி லாரி ஹாரன் அடித்தது. பொறு என்று கையை மட்டும் காட்டினார். நான்கு பக்கம்தான். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு நீண்டதாக இருந்தது. முடித்ததும் ஆரம்பத்துக்குப் புரட்டி எதையோ சரிபார்த்தார், மறுபடி கடைசிக்கு வந்தார். தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். நான் அவரிடம் அதுவரை பார்க்காத சிரிப்பு.

பிறகு சிரிப்பு நின்றது. "எப்ப பிரிச்ச?"

"பத்து நாளாச்சுங்க்கா."

"அப்ப அன்னைக்குப் போன்ல சொன்னது?"

"பொய்யிங்க்கா. பிரிக்கவே இல்ல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. லாரி மறுபடி ஹாரன் அடித்தது. அக்கா எடைச் சீட்டை அடித்து டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி. பிரிச்சல்ல, பத்து நாளு கையில வச்சிருந்தல்ல. படிச்சியா?"

"பக்கமெல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்தேங்க்கா."

"எவன் கொன்னான்னு ஒனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணவே இல்லியா?"

"தோணலிங்க்கா" என்றேன். அவரிடம் இனிமேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.